ஸ்கோர் ஷீட்டில் இரண்டாவது வரி

2025 ஏப்ரல் 7, திங்கள்

நள்ளிரவு பன்னிரண்டரைக்கு அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டம். காலை ஐந்தரைக்குக் கோடை முகாமில் வார்ம்-அப் இருக்கிறது, தூங்கியிருக்க வேண்டும். தூங்கவில்லை. கனெக்டிகட் 82, சவுத் கரோலினா 59. கனெக்டிகட்டுக்கு இது 12-வது பட்டம், 2016-க்குப் பிறகு முதலாவது.

கேமரா கனெக்டிகட் கோச் ஜீனோ ஆரியெம்மாவையே சுற்றி வந்தது. நான் பார்த்ததெல்லாம் அவர் பக்கத்தில் இருந்த உதவிக் கோச் கிறிஸ் டெய்லியை. 1985-ல் இருவரும் ஒன்றாக அங்கே போனார்கள். அதற்கு முன் அந்த அணி தோல்விகளைவிட அதிகமாக வென்றது ஒரே ஒரு சீசனில்தான். நாற்பது வருஷமாக டெய்லிக்கு அதே பெஞ்ச், மெயின் கோச்சுக்கு அடுத்த இடம். எங்கள் கல்லூரிப் பெண்கள் அணியில் எனக்கும் அதே இடம்தான்: ஸ்கோர் ஷீட்டில் கோச் பெயருக்குக் கீழே, உதவிக் கோச்சின் வரி. 2021 மார்ச்சில் ஆரியெம்மாவுக்குக் கொரோனா வந்தபோது தேசியத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களை டெய்லிதான் நடத்தினார், இரண்டிலும் வெற்றி. அவர் திரும்பி வந்ததும் இவர் தன் பழைய இருக்கைக்குப் போய்விட்டார்.

ஆட்டம் முடியும் முன்பே எங்கள் 7-ம் நம்பரிடமிருந்து மெசேஜ்: "அக்கா, ஃபட்டைப் பார்த்தீங்களா!" கனெக்டிகட்டின் அஸி ஃபட் 24 புள்ளி, கடைசிச் சுற்றின் சிறந்த வீராங்கனையும் அவரே. 2023 நவம்பரில் முட்டியில் எலும்புகளை இணைக்கும் ஏ.சி.எல். நார் கிழிந்தவர். அதே அணியின் பேஜ் பெக்கர்ஸுக்கு 2022 ஆகஸ்டில் கிழிந்து ஒரு சீசன் முழுக்கப் போனது. 7-ம் நம்பருக்கு அதே காயத்துக்கு ஆபரேஷன் ஆகி இப்போது ஆறு மாதம். அவள் எதைக் கேட்கிறாள் என்று தெரியாதா? "ஜூலைக்கு முன்னாடி ஜம்ப் கிடையாது. போய்த் தூங்கு" என்று பதில் போட்டேன்.

ஏப்ரல் 19, சனி

முகாமில் இன்று பந்தைத் தொடவே விடவில்லை. குதிப்பது, இறங்குவது, அவ்வளவுதான். மரப்பெட்டி மேலிருந்து ஒவ்வொருத்தியாக இறங்க, எதிரே தரையில் உட்கார்ந்து முட்டி உள்பக்கம் மடிகிறதா என்று பார்த்தேன். ஏ.சி.எல். காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. எலும்பின் அமைப்பை மாற்ற முடியாது. இறங்கும் முறையையும், இடுப்பு, பின்தொடை வலுவையும் மாற்றலாம்.

வேலியோரம் நின்ற ஒரு அம்மா, "ஃபீஸ் கட்டினது குதிக்கவா மேம்?" என்றார். நியாயமான கேள்வி. நோட்டீஸில் நாங்கள் கூடைப்பந்து என்றுதான் போட்டிருந்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

கல்லூரி திறந்தாயிற்று. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் புதுப் பிள்ளைகள். இந்த மாதம் நான் செய்வதில் பாதி கூடைப்பந்தே இல்லை. விடியற்காலை கேட்டைத் திறக்கச் சொல்லி வார்டனுக்குக் கடிதம். மெஸ்ஸில் முட்டையை இரண்டாக்கச் சொல்லிச் சண்டை. யாருக்கு எப்போது பீரியட்ஸ் வலி கடுமை என்று என் நோட்டில் சின்னக் குறி. "மேம், கால் பிடிச்சிருக்கு" என்று வந்து நிற்பார்கள். காலைப் பற்றி மட்டும் விசாரித்தால் போதாது. சாரிடம், அதாவது எங்கள் மெயின் கோச்சிடம், இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள், சாரும் கேட்கக் கூச்சப்படுவார். நல்ல மனுஷன், அது வேறு.

ஜூலை 26, சனி

7-ம் நம்பர் ஒன்பது மாதம் தாண்டிவிட்டாள். ஒற்றைக்கால் தாவலில் ஆபரேஷன் ஆன கால் மற்றக் காலின் தூரத்தில் 90 சதவீதம் போக வேண்டும் என்பது பிசியோவின் கணக்கு. இன்று போனது. கால் தயார், அவள் தயாரில்லை. யாராவது பக்கத்தில் வந்தாலே ஊன்றாமல் நழுவுகிறாள். கூடைக்குப் பக்கத்தில் ஆடும் எங்கள் சென்டரோடு ஜோடி சேர்த்துவிட்டிருக்கிறேன். அந்தப் பெண் யாருக்காகவும் இரக்கப்பட்டு மெதுவாக இடிக்க மாட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

அந்தச் சென்டரின் அப்பா திருமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். அவளுக்குக் கடைசி வருஷம், மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "பந்து விளையாடி என்னங்க ஆகப் போகுது?" என்றார். கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நானும் கணக்காகவே சொன்னேன். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினால் ஃபார்ம் 3, வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காட்டும் சான்றிதழ். மாநில அணிக்காக நேஷனல்ஸ் ஆடினால் ஃபார்ம் 2. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு. ரயில்வே தனியாக ஆள் எடுக்கிறது. அனிதா பால்துரையைச் சொன்னேன்: சென்னைப் பெண், 19 வயதில் இந்திய கேப்டன், தெற்கு ரயில்வேயில் வேலை, 2021-ல் பத்மஸ்ரீ. போனில் படத்தைக் காட்டினேன்.

"கல்யாணம் ஆயிடுச்சா இவங்களுக்கு?"

ஆகிவிட்டது என்றேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "சரி, தை வரைக்கும் பேச்சை நிறுத்தி வைக்கிறேன்" என்று டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

ஆகஸ்ட் 30, சனி

ஒரு தனியார் பள்ளியிலிருந்து அழைப்பு. மெயின் கோச் வேலை. "கேர்ள்ஸ் டீமுக்கு லேடி கோச்சுன்னா பேரண்ட்ஸுக்கு நிம்மதி மேம்" என்றார் பேசியவர். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. என் டிஃபென்ஸ் எப்படி, யாரைத் தயார் செய்தேன் என்று ஒரு கேள்வி இல்லை. அமெரிக்காவில் 1972-ல் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டம் வந்தபோது கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்துக்கு ஒன்பதில் பெண்தான் கோச். சட்டத்தால் பணம் வந்தது, பணத்தைப் பார்த்து ஆண்கள் வந்தார்கள். 2014-ல் அது 43 சதவீதமாகிவிட்டது. பெண் என்பதால் ஒதுக்குகிறவர்களும் பெண் என்பதால் மட்டும் கூப்பிடுகிறவர்களும் நம் வேலையைப் பார்ப்பதில்லை.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "எத்தனை வருஷம்தான் உதவியாவே இருப்ப?" லீசா போயரைப் பற்றிச் சொன்னேன். ஏப்ரலில் தோற்ற சவுத் கரோலினா பெஞ்சில் இருப்பவர். தொண்ணூறுகளில் ரேஜ் என்ற தொழில்முறை அணியில் இவர் கோச், இப்போது சவுத் கரோலினாவின் மெயின் கோச்சாக இருக்கும் டான் ஸ்டேலி ஆட்டக்காரி. 2001-02-ல் கிளீவ்லாந்து கேவலியர்ஸில் சம்பளமே வாங்காமல் உதவிப் பயிற்சியாளராகி, என்.பி.ஏ. என்ற ஆண்கள் தொழில்முறை லீகில் அந்த வேலை பார்த்த முதல் பெண் ஆனார். முழுநேரச் சம்பளத்தோடு அந்த இடம் ஒரு பெண்ணுக்கு, பெக்கி ஹேமனுக்கு, கிடைக்க 2014 ஆயிற்று. போயரோ 2002-ல் தன்னிடம் ஆடிய ஸ்டேலிக்கே உதவியாளராகச் சேர்ந்தார். இன்னும் கூடவே இருக்கிறார். மூன்று தேசியப் பட்டங்கள்.

அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்குப் பென்ஷன் உண்டா?" என்றார்.

செப்டம்பர் 20, சனி

இன்டர் காலேஜ் அரையிறுதி. சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிப்படி மெயின் கோச், முதல் உதவிக் கோச் இருவரில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம். சார் உட்காரும் ரகமில்லை. ஆகவே ஆட்டம் முழுக்க நான் உட்கார்ந்தபடி. உட்கார்ந்திருந்தால்தான் எண்ண முடியும். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் எங்கள் பாயிண்ட் கார்டுக்கு மூன்று ஃபவுல். எதிரணிக்கு அந்தக் குவார்ட்டரில் நான்கு டீம் ஃபவுல், இன்னொன்று விழுந்தால் நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. சாரின் சட்டையைப் பிடித்திழுத்து, "வெளியிலிருந்து போட வேண்டாம் சார், பந்தோட உள்ளே புகுந்து டிரைவ் பண்ணச் சொல்லுங்க, ஃபவுல் விழும்" என்றேன். சொன்னார்.

7-ம் நம்பருக்கு எட்டு நிமிஷம்தான் என்று பிசியோவோடு பேசி வைத்திருந்தோம். மூன்றாம் குவார்ட்டரில் இறங்கினாள். கூடையில் பட்டுத் திரும்பிய முதல் பந்துக்கு, முதல் ரீபவுண்டுக்கு, எம்பவே இல்லை. அடுத்ததில் ஆளை முதுகால் தடுத்து, எம்பி, இரண்டு காலிலும் சமமாக இறங்கினாள். அந்தப் பந்து எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை, முட்டியைத்தான் பார்த்தேன். நேராக இருந்தது.

நான்கு புள்ளியில் தோற்றோம். "இன்னும் நாலு நிமிஷம் அவளை விட்டிருக்கலாம்" என்றார் சார். விட்டிருந்தால் ஜெயித்தும் இருக்கலாம். அடுத்த ஆட்டத்திலும் எட்டுதான் என்று சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, பஸ்ஸில் சரியாகிவிட்டார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். சம்பளம் போதாது என்றேன், உடனே புரிந்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பல்கலைக்கழக அணிக்கான பட்டியல் வந்தது. எங்கள் சென்டர் பெயர் இருக்கிறது. திருமங்கலத்துக்குப் போன் போட்டேன். "அந்த மூணாம் நம்பர் ஃபார்மை எந்த ஆபீஸ்ல வாங்கணும்?" என்றார் அவள் அப்பா. இன்னும் ஆடவே இல்லண்ணே, முதல்ல அவளைக் கேம்ப்புக்கு அனுப்புங்க என்றேன்.