விழுந்தானா, படுத்தானா?

மார்ச் 4, செவ்வாய்

ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மாமாவுக்கு என் போனில் முகமது அலியும் சோனி லிஸ்டனும் 1965-இல் மோதிய ஹெவிவெயிட் குத்துச்சண்டையைப் போட்டுக் காட்டினேன். முதல் ரவுண்டிலேயே கதை முடிந்தது. லிஸ்டன் மல்லாந்ததும் மாமா, "அடி எங்கடா பட்டுச்சு? எல்லாம் செட்டிங்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவப் போய்விட்டார். அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்து லூயிஸ்டனில் அன்றைக்கு டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் 2,434 பேர்தான். அங்கேயே கத்தினார்களாம், மோசடி மோசடி என்று. மாமா 60 வருஷம் லேட்.

மார்ச் 5, புதன்

வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து ஏழெட்டு முறை பார்த்தேன். லிஸ்டன் இடது கையை நீட்டுகிறார். அலி லேசாகப் பின்னால் சாய்கிறார். சாய்ந்த வாக்கிலேயே அவருடைய வலது கை, நீட்டிய அந்தக் கைக்கு மேலாகக் குறுக்கே இறங்குகிறது. லிஸ்டனின் தலை திரும்புகிறது. அடி பட்டது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அடிக்கு லிஸ்டன் விழுவாரா?

எனக்கு உறுத்துவது விழுந்த பிறகு நடப்பதுதான். புரண்டு, முட்டி போட்டு, எழுந்துவிடுவார் போலிருக்கும்போது மறுபடி சரிந்து மல்லாந்துவிடுகிறார். நடிப்பென்றால் இவ்வளவு மோசமாக நடிப்பார்களா? எழுந்திரு என்று அலி தலைமாட்டிலேயே நின்று கத்துகிறார். ரெஃப்ரீ ஜெர்சி ஜோ வால்காட், தானே ஒரு காலத்தில் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர், அலியை மூலைக்குத் தள்ளுவதிலேயே மும்முரமாகி, விழுந்தவர் எழுகிறாரா என்று பத்து வரை எண்ணுவதைக் கோட்டைவிட்டார். 'தி ரிங்' பத்திரிகை ஆசிரியர் நாட் ஃபிளைஷர் பத்து தாண்டிவிட்டதென்று ரிங் ஓரத்திலிருந்து சத்தம் போட, என்னவென்று கேட்க வால்காட் அங்கே போய்விட்டார். அதற்குள் இருவரும் மறுபடி அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள்! ஓடி வந்து நிறுத்தினார். இவ்வளவு குளறுபடியை யாராவது முன்கூட்டியே திட்டம் போட்டிருப்பார்களா?

மார்ச் 8, சனி

ஆனாலும் லிஸ்டனைச் சந்தேகிக்காமல் இருக்க முடியவில்லை. அவரைப் பின்னால் இருந்து ஆட்டிவைத்த ஃபிராங்கி கார்போவும் பிளிங்கி பலெர்மோவும் நியூயார்க், பிலடெல்ஃபியா தாதாக்கள். 1947-இல் இன்னொரு குத்துச்சண்டைக்காரர் லமோட்டா வேண்டுமென்றே தோற்ற விஷயத்திலும் இதே பலெர்மோ.

நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம், நவம்பர் 14. ஜேக் லமோட்டா எதிரே பலெர்மோவின் ஆள் பில்லி ஃபாக்ஸ். சண்டைக்கு முன்னாலேயே பந்தயக்காரர்களுக்கு வாடை அடித்துவிட்டது. நாலாவது ரவுண்டில் ரெஃப்ரீ நிறுத்தினார். லமோட்டா விழவே இல்லை. கயிற்றில் சாய்ந்து நின்றபடியே அடி வாங்கினார். தோற்க ஒப்புக்கொண்டவருக்கும் கீழே விழ மட்டும் மனசு வரவில்லை. 1960-இல் அமெரிக்க செனட் குழு முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கைமாறு, பட்டத்துக்கு மோத ஒரு வாய்ப்பு. அதற்கும் மேலே 20,000 டாலர் கொடுக்க வேண்டியிருந்ததாம். தோற்றதும் அவர், காசு கொடுத்ததும் அவரே! 1949-இல் அப்போதைய சாம்பியன் செர்டானை வென்று பட்டம் வாங்கினார்.

மார்ச் 9, ஞாயிறு

மாமாவுக்கு இன்றைக்கு கியூபாவின் ஹவானாவில் நடந்த சண்டை. 1915 ஏப்ரல் 5, கறுப்பின சாம்பியன் ஜாக் ஜான்சன், எதிரே வெள்ளைக்காரர் ஜெஸ் வில்லார்ட், 45 ரவுண்டுக்குப் பேச்சு. முதலில் அந்தப் பிரபலமான போட்டோ: ஜான்சன் மல்லாந்து கிடக்கிறார், முட்டி மடங்கியிருக்கிறது, கையுறை முகத்துக்கு மேலே, வெயிலுக்கு மறைப்பது மாதிரி. மாமா சிரித்துவிட்டார். "எந்த ரவுண்டுடா?"

"இருபத்தாறு."

"படுக்கணும்னா அதுவரைக்கும் அந்த வெயில்ல எதுக்குடா அடி வாங்கணும்?"

வில்லார்டே இதைத்தான் கேட்டார். காசு கைக்கு வந்துவிட்டதை மனைவி மூலம் தெரிந்துகொண்டு விழுந்ததாக ஜான்சன் பின்னால் ஒரு வாக்குமூலம் எழுதி விற்றார். வாங்கியவர் அதே ஃபிளைஷர். வாங்கினாரே தவிர நம்பவில்லை. அமெரிக்காவில் ஒரு வழக்கில் தண்டனை விழுந்து தப்பி வந்திருந்தவர் ஜான்சன்; ஊருக்குத் திரும்பினால் அந்தத் தண்டனை இருக்காது என்பதும் பேரம் என்றார். 1920-இல் திரும்பியவரை நேரே சிறைக்கு அனுப்பினார்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலானவர்கள் அந்தப் போட்டோவைத்தான் பார்த்தார்கள், சண்டையைப் பிடித்த சினிமாப் படத்தை அல்ல. 1910-இல் ரீனோவில் ஜான்சன் வெள்ளைக்கார முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸை அடித்து வீழ்த்தியபின் வெடித்த இனக்கலவரங்களைத் தொடர்ந்து, சண்டைப் படங்களை மாகாணம் விட்டு மாகாணம் கொண்டுபோகவும் வெளிநாட்டிலிருந்து இறக்கவும் 1912-இல் தடை போட்டிருந்தார்கள். ஹவானா படத்தை உள்ளே கொண்டுவர 1916-இல் ஒரு குறுக்கு வழி பார்த்தார்கள்: எல்லைக்கு அந்தப் பக்கம், கனடா மண்ணில் படத்தை ஓட்டி, இந்தப் பக்கம் நியூயார்க் மண்ணில் கேமரா வைத்து மறுபடி பிடித்தார்கள். கோர்ட் அதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "சரி, அந்த லிஸ்டனை இன்னொரு தரம் போடு" என்றார். சார்ஜ் 4 சதவீதம்.