மூச்சை அளந்தோம், தொடையை அளக்கவில்லை

என் தந்தைக்கு நுரையீரல் நார்த்திசு நோய், அதாவது நுரையீரல் தழும்பேறி விறைத்துப்போகும் நோய், என்று உறுதியான நாளிலிருந்து எங்கள் வீட்டில் பேச்செல்லாம் மூச்சைப் பற்றியே இருந்தது. விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவையும், ஊதிப் பார்க்கும் பரிசோதனையின் முடிவையும், சி.டி. ஸ்கேனில் தேன்கூடு போலத் தெரிந்த தழும்புகளையும் தவறாமல் கவனித்தோம். நாற்காலியின் இரு கைப்பிடிகளையும் அழுத்தி, ஒருமுறை முன்னும் பின்னும் ஆடிய பிறகே அவர் எழத் தொடங்கியபோது, அதுவும் மூச்சுத்திணறல்தான் என்று எண்ணிவிட்டோம். கைக்கடிகாரத்தின் வாரில் அவர் தாமாகவே ஊசியால் புதிய துளை ஒன்று போட்டிருந்ததைக் கண்ட அன்றுதான், மெலிந்துகொண்டிருப்பது நுரையீரல் மட்டுமன்று என்பது எனக்கு உறைத்தது.

இந்நோயில் தசை கரைவதற்குக் காரணம் ஒன்றல்ல. நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று நடையைக் குறைக்கிறார்கள். நடை குறையக் குறையத் தொடைத்தசை நலிகிறது. நலிந்த தசை சிறு வேலைக்கும் விரைவில் களைத்து, மூச்சை முன்னிலும் அதிகமாக வாங்க வைக்கிறது. விறைத்துப்போன நுரையீரலை விரிப்பதற்கே உடல் கூடுதல் ஆற்றலைச் செலவிட, பசியோ மந்தமாகிவிடுகிறது. சில வகைத் தழும்பு நோய்களுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு நீண்ட காலம் தொடர்ந்தால் அதுவே தொடைத்தசையைக் கரைக்கும். நோயின் வேகத்தைக் குறைக்கும் பிர்ஃபெனிடோன், நிண்டெடானிப் ஆகிய மருந்துகள் மிகவும் தேவையானவை. ஆயினும் முன்னது குமட்டலையும் பசியின்மையையும், பின்னது வயிற்றுப்போக்கையும் தரக்கூடும் என்பதால், எடை குறைந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது.

முதுகெலும்பை ஒட்டிய தசையை, நுரையீரலுக்காக எடுத்த அதே சி.டி. ஸ்கேனிலேயே அளந்துவிடலாம். அத்தசை சிறுத்தவர்களும், ஓராண்டில் எடையில் 5 சதவீதமோ அதற்கு மேலோ இழந்தவர்களும் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. தசையை மீட்டால் ஆயுள் நீளும் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அதை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. ஆனால் மேற்பார்வையோடு செய்யும் உடற்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் அடங்கிய நுரையீரல் மறுவாழ்வுச் சிகிச்சை, நடக்கும் தூரத்தைக் கூட்டி மூச்சுத்திணறலின் தொல்லையைக் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. நோயாளிக்கு அதுவே பெரிய காரியம் அல்லவா?

உடல் எடையை மட்டும் நம்பிவிடாதீர்கள். கொழுப்பும் நீர்க்கோப்பும் தசையிழப்பை மறைத்துவிடும். ஒரு கருவியைக் கையால் இறுகப் பிடித்து அளக்கும் பிடிவலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தாலோ, கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து அமர 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆனாலோ, மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பது 2019இல் ஆசிய வல்லுநர் குழு வகுத்த அளவுகோல். இரண்டாவது சோதனைக்கு ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும். ஆயினும், நோய் உறுதியாகி ஓராண்டுக்கு மேலாகியும் அதைச் செய்து பார்க்கும்படி எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

பிசியோதெரபி நிபுணர் முதன்முதலில் அதைச் செய்யச் சொன்னபோது அப்பாவால் 3 முறைக்கு மேல் எழ முடியவில்லை. பயிற்சியின்போது ஆக்சிஜன் வைத்துக்கொண்டு, உணவைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு வந்ததில், பத்தாவது வாரம் ஐந்து முறையும் எழுந்தார். 19 விநாடிகள் ஆயின. கைகள் இரண்டையும் மார்பின் குறுக்கே கட்டியிருந்தார்.