செல்ஃப் மோட்டார்: கோளாறைக் கண்டுபிடிப்பதும் கழற்றி மாட்டுவதும்

சாவியைத் திருப்பியதும் "டக்" என்று ஒரே ஒரு சத்தம், அதற்குமேல் அசைவில்லை என்றால் பலரும் உடனே புது செல்ஃப் மோட்டார் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். பச்சை பிடித்த பேட்டரி முனையும், உள்ளுக்குள் அரித்துப்போன எர்த் ஒயரும் இதே சத்தத்தைத்தான் கொடுக்கும். மோட்டாரை வெளியே எடுக்கவே அரை நாள் கேட்கும் வண்டிகள் உண்டு. மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

முதலில் காதைக் கொடுங்கள். "டக டக டக" என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், இல்லையென்றால் அதன் முனை லூஸாக இருக்கும். "விர்ர்" என்று மோட்டார் மட்டும் சுற்றி என்ஜின் சுற்றாவிட்டால், மோட்டார் நுனியில் உள்ள சின்னப் பல்சக்கரமான பினியனுக்குப் பின்னால் இருக்கும் ஒருவழி கிளட்ச் பெரும்பாலும் போயிருக்கும். கரகரவென்று இரும்பு அரைபடும் சத்தம் வந்தால் ஃப்ளைவீல் (பினியன் கடித்துச் சுற்றும் என்ஜினின் பெரிய சக்கரம்) பல்லைச் சந்தேகப்படுங்கள். எந்தச் சத்தமுமே இல்லையா? மோட்டார் பக்கம் போகாமல் ரிலே, ஃப்யூஸ், கிளட்ச் பெடல் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியானால் நியூட்ரல் சுவிட்ச் என்று வரிசையாகப் பாருங்கள்.

அடுத்து மீட்டர். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி வாருங்கள், அதுவரை எந்தச் சோதனையும் பயன்படாது. பக்கத்தில் ஒருவர் சாவியைத் திருப்பும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. "டக்" சத்தம் வந்தும் வோல்ட் 12.4-லேயே அசையாமல் நின்றால் மோட்டாருக்குள் கரண்டே பாயவில்லை: சோலினாய்டின் (பினியனைத் தள்ளி, மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) உள் கான்டாக்ட், கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு), கேபிள் இவற்றில் ஒன்று. ஒரேயடியாக விழுந்தால் பேட்டரி பலவீனம், மோட்டார் ஷார்ட், அல்லது என்ஜினே இறுகியிருக்கிறது. கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தால் கடைசிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

தீர்ப்புச் சொல்லும் சோதனை மோட்டாரில்தான். கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்துவிட்டு, தடித்த கேபிள் வரும் முனைக்கும் (பல மோட்டார்களில் 30 என்று எண் இருக்கும்) மோட்டார் உடம்புக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். சாவி திரும்பியிருக்கும்போது அங்கே 10 வோல்ட்டுக்கு மேல் இருந்து, சிறிய ஒயர் வரும் 50-ஆம் எண் முனையிலும் கிட்டத்தட்ட அதே வோல்ட் வந்து, அப்படியும் சுற்றவில்லை என்றால் மோட்டார்தான் குற்றவாளி. அங்கே குறைந்து பேட்டரியில் நிறைய இருந்தால் கேபிள். பேட்டரி பிளஸ் முனைக்கும் 30-க்கும் நடுவே 0.5 வோல்ட்டுக்கு மேலும், பேட்டரி மைனஸுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே 0.3-க்கு மேலும் இழப்பு இருக்கக்கூடாது. மீட்டர் ஊசியைக் கிளாம்பில் வைக்காமல் ஈய முனையிலேயே வையுங்கள். கோளாறு பல சமயம் அந்த இரண்டுக்கும் இடையில்தான் ஒளிந்திருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: கரண்ட் பாய்ந்தால்தான் இழப்பு தெரியும். கான்டாக்ட் செத்துப்போன மோட்டாரில் பூஜ்யம் காட்டுவதைப் பார்த்துக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

சுத்தியலால் தட்டினால் ஸ்டார்ட் ஆகிறது என்றால் பிரஷ் அல்லது கான்டாக்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வீடு சேர அது உதவும், ஆனால் மெதுவாகத் தட்டுங்கள். இப்போதைய மோட்டார்கள் பலவற்றில் உள்ளே நிரந்தரக் காந்தம் இருக்கிறது. ஓங்கி அடித்தால் அது உடைந்துவிடும்.

மோட்டார் எங்கே என்று தெரியாவிட்டால் பேட்டரி பிளஸிலிருந்து கிளம்பும் தடித்த கேபிளைப் பிடித்துக்கொண்டே போங்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் போய் நிற்கும். பெல்ட் ஓடும் பக்கம் இருப்பது ஆல்டர்னேட்டர், அது வேறு. சில வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினாலே கண்ணில் படும், சிலவற்றில் அடியிலிருந்துதான் எட்டும். லெக்ஸஸ் எல்.எஸ். 400-இன் வி8 என்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டையே (என்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) தூக்கினால்தான் தெரியும்.

கழற்றும் முன் பேட்டரி மைனஸ் கட்டாயம் எடுக்கப்பட வேண்டும். அந்தத் தடித்த கேபிளுக்குப் பெரும்பாலான வண்டிகளில் ஃப்யூஸ் கிடையாது. ஸ்பேனர் ஒரு நொடி பாடியில் பட்டால் அங்கேயே வெல்டிங் ஆகி ஒட்டிக்கொள்ளும். அடியில் போவதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

30-ஆம் முனை நட்டு பெரும்பாலும் 12 அல்லது 13 மி.மீ. அது இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம். உள்ளே தாமிர போல்ட் சேர்ந்து சுற்றினால் சோலினாய்டு மூடி விரிசல் விடும். பழைய மோட்டாரை ரிப்பேர் செய்து போட நினைத்தால் இது பெரிய நஷ்டம்.

உண்மையான பாடு மேல் போல்ட்டில்தான். மோட்டாரைப் பிடிப்பது இரண்டு போல்ட், சிலவற்றில் மூன்று. தலை 14 அல்லது 17 மி.மீ. மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் அடையாளம் காண வேண்டும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். ஆறுமுனை சாக்கெட், வளையும் ஜாயின்ட், அதன் பின்னால் அரை மீட்டர் நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் சேர்த்துக் கியர்பாக்ஸ் மேலாக நீட்டினால் ராட்செட்டைத் திருப்ப இடம் கிடைக்கும். பன்னிருமுனை சாக்கெட் போட்டால் தலை மழுங்கும், பிறகு இந்த வேலை வேறு வேலையாகிவிடும். மேல் போல்ட்டை முதலில் எடுங்கள், கீழ் போல்ட் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கட்டும். கடைசி போல்ட் வரும்போது ஒரு கை அடியில் இருக்க வேண்டும். மோட்டார் 3 முதல் 5 கிலோ வரை இருக்கும். எந்த போல்ட் நீளம், எது குட்டை என்று குறித்துவையுங்கள். நடுவே ஷிம் தகடு (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

மோட்டார் வந்ததும் அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ஃப்ளைவீல் பல்லை ஒரு முழுச் சுற்றும் பார்த்துவிடுங்கள். நான்கு சிலிண்டர் என்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் அரைச்சுற்று இடைவெளியில் உள்ள இரண்டு இடங்களில்தான் நிற்கும், தேய்மானமும் அங்கேதான். பல் சிதைந்திருந்தால் புது பினியனையும் தின்றுவிடும். அதைச் சரிசெய்யக் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும்.

புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து பினியன் பல் எண்ணிக்கை, மூக்கின் நீளம், ஓட்டைகள், முனைகள் நிற்கும் திசை எல்லாம் ஒப்பிடுங்கள். ஒரே மாடலில் மேனுவலுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் மோட்டார் மாறலாம். டென்ஸோ வகை கியர் ரிடக்ஷன் மோட்டாராக (உள்ளே வேகம் குறைக்கும் பல்சக்கரம் உள்ளது) இருந்து "டக்" மட்டும் வந்தால் முழுதாக மாற்றாமல் சோலினாய்டு மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே இரண்டு தாமிர கான்டாக்ட்டில் ஒன்று பாதிக்கும் மேல் எரிந்து பள்ளமாகியிருக்கும். இரண்டையும், அவற்றை இணைக்கும் நகரும் தண்டான பிளஞ்சரையும் சேர்த்து மாற்றினால் மோட்டார் இன்னும் பல வருடம் ஓடும். என் முதல் தேர்வு எப்போதும் இதுதான். கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் தாமிர உருளை) ஆழமாக அரித்திருந்தாலோ ஒருவழி கிளட்ச் வழுக்கினாலோ மட்டும் முழு மோட்டார்.

மாட்டும் முன் வைஸில் இறுக்கிப் பிடித்துச் சோதியுங்கள்: மோட்டார் உடம்புக்கு மைனஸ், 30-க்கு பிளஸ், 30-லிருந்து 50-க்கு ஒரு ஒயரைத் தொட்டால் பினியன் வெளியே பாய்ந்து சுற்ற வேண்டும். இரண்டு மூன்று நொடி போதும்.

மோட்டார் உட்காரும் முகத்தை வெள்ளி நிறம் வரும்வரை ஒயர் பிரஷால் தேயுங்கள். அதன் எர்த் அந்த உலோகத் தொடுகை வழியாகத்தான் போகிறது, பெயின்ட் இருக்கக்கூடாது. போல்ட்களை விரலாலேயே பல சுற்று ஏற்றியபின் கருவி போடுங்கள். மேல் போல்ட் சாக்கெட்டிலிருந்து நழுவாமல் இருக்க ஒரு துண்டு டேப் ஒட்டினால் சரி. இறுக்கம் வண்டியின் மேனுவலில் உள்ளபடி. 30-ஆம் முனை நட்டுக்கு மிதமான இறுக்கம், மேலே ரப்பர் மூடி. பேட்டரி மைனஸ் கடைசியில்.

செல்ஃப் அடிக்கும்போது ஒரு முறைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம். ஷிம் உள்ள வண்டியில், சுற்றும்போதே கீச்சென்றால் பினியனுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடைவெளி அதிகம். ஸ்டார்ட் ஆகி சாவியை விட்டபின் கீச்சென்றால் குறைவு. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய மோட்டார் எண்ணெயில் ஊறியிருந்தால் மேலே வால்வ் கவர் கேஸ்கெட் ஒழுகுகிறதா என்று பாருங்கள்; ஒழுகினால் அதையும் இப்போதே மாற்றுங்கள். சைலன்சர் பக்கம் வெப்பத் தகடு இருந்திருந்தால் அது கழற்றிய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் சோலினாய்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.