உழவர் குழு தளத்துக்கு ஹியூகோவா, ஜெக்கிலா?

மன்னார்குடி பக்கம் முறைத்தண்ணீர் விவரம் போட ஒரு தளம், அதற்கு எதற்கு டேட்டாபேஸ்? டேட்டாபேஸ் இல்லாமலே பதிவுகளை வலைப்பக்கங்களாக ஆக்கித் தரும் மென்பொருள்கள்தான் ஹியூகோவும் ஜெக்கிலும். இதற்கு ஹியூகோ போதும். ஒரே கோப்பு, இறக்கினால் ஆச்சு. ஜெக்கிலுக்கு ரூபி என்ற நிரல்மொழியும் வேண்டும். விண்டோஸில் அது தனி ரோதனை.

பதிவில் காலை 9 மணி என்று போட்டு, இந்திய நேரத்தைக் குறிக்கும் +05:30 சேர்க்காமல் விட்டால், ஹியூகோ அதை யுடிசி (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்) நேரமாக எடுத்து, எதிர்காலப் பதிவு என்று ஒதுக்கிவிடும். மதியம் 2:30க்கு மேல் மறுபடி பில்ட் செய்தால்தான், அதாவது பக்கங்களைப் புதிதாக உருவாக்கினால்தான், வரும். கான்ஃபிக்கில் (தளத்தின் அமைப்புக் கோப்பில்) டைம்ஸோனை ‘ஏசியா/கொல்கத்தா’ ஆக்கிவிடுங்கள், தொல்லை விட்டது.

ஸ்லக்கை, அதாவது இணைய முகவரியில் பதிவின் பெயராக வரும் பகுதியை, மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். ‘கும்பகோணம்’ என்று தமிழில் வைத்தால், வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பல சமயம் அந்த ஒரு சொல்லே சதவீதக் குறிகளோடு 90 எழுத்தாக நீளும். தலைப்பு தாராளமாகத் தமிழிலேயே இருக்கட்டும்.