நிமிர்ந்து நின்ற கீழாநெல்லி

போன மாதம் ஒரு மூலிகைப் புத்தகத்துக்கு லே-அவுட் செய்துகொண்டிருந்தேன். எழுதியவர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர். இரண்டாவது புரூஃப் போன மறுநாளே போன் வந்துவிட்டது. "தம்பி, செடிப் பேரெல்லாம் திடீர்னு நிமிர்ந்து நிக்குதே?"

தாவரங்களின் லத்தீன் பெயரைச் சாய்வெழுத்தில் போடுவதுதான் முறை, முதல் புரூஃபில் அப்படித்தான் இருந்தது. அதற்கப்புறம், ஒரு செடியை இன்னொன்றென்று நினைத்துப் பறித்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கும் வாக்கியங்களை மட்டும் தடித்த எழுத்தாக்கச் சொல்லியிருந்தார். கீழாநெல்லி பக்கத்தில் அப்படி ஒரு வாக்கியம், அதற்குள் நாலு லத்தீன் பெயர். நாலும் நிமிர்ந்து நின்றன.

தப்பு என்னுடையதுதான். நான் பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ஓர் எழுத்தின் மேல் ஒரு கேரக்டர் ஸ்டைல்தான் (ஃபாண்ட், தடிப்பு, சாய்வு, நிறம் என்று சேர்த்துப் பெயர் வைத்த தொகுப்பு) உட்காரும், இரண்டாவதைப் போட்டால் முதலாவது சத்தமில்லாமல் எழுந்து போய்விடும். பெயர்களுக்கு 'லத்தீன்' என்று ஒரு ஸ்டைல் ஏற்கெனவே இருந்தது. நான் முழு வாக்கியத்தையும் மவுஸால் இழுத்து 'எச்சரிக்கை' ஸ்டைலை அழுத்தினேன், கதை முடிந்தது. "வேர்டுல அடிச்சப்போ ரெண்டும் சேர்ந்து வந்துச்சே" என்றார் ஆசிரியர். வரத்தான் செய்யும், அங்கே தடிப்பும் சாய்வும் தனித்தனி சுவிட்ச். (வேர்டும் ஒன்றும் யோக்கியமில்லை. பத்தி ஸ்டைலில் தடிப்பு இருந்து, அதற்குள் போடும் கேரக்டர் ஸ்டைலிலும் தடிப்பு இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எழுத்து சாதாரணமாகிவிடும்.)

சரி, கிரெப் ஸ்டைலில், அதாவது சொன்ன மாதிரியான எழுத்துகளைத் தேடித் தானாகவே ஸ்டைல் போடும் வசதியில், விட்டுவிடலாம் என்று நினைத்தேன். 2008-இல் இன்டிசைனின் சிஎஸ்4 பதிப்பு வந்ததிலிருந்து இருக்கிறது. ஆங்கில எழுத்துகள் தொடர்ந்து வந்தால் 'லத்தீன்' ஸ்டைலைப் போடு என்று பத்தி ஸ்டைலுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும், கையால் போடும் ஸ்டைல் அதை அழிக்காமல் மேலே இன்னொரு அடுக்காக வரும். பாமினி மாதிரி பழைய ஃபாண்டில் வந்த கோப்பாக இருந்தால் இந்த யோசனையே கிடையாது, அதில் தமிழே ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். நல்லவேளை, இது யூனிகோடு.

பாதி வேலை நடந்தது. லத்தீன் ஃபாண்ட் கீழ் அடுக்கிலிருந்து வந்தது, எச்சரிக்கையின் சிவப்பு மேல் அடுக்கிலிருந்து வந்தது, சாய்வு மட்டும் வரவில்லை. ஏனென்றால் இன்டிசைனுக்குத் தடிப்பு, சாய்வு, தடித்த சாய்வு மூன்றும் ஒரே கட்டத்தில் நிரப்பும் மூன்று விடைகள். கீழே சாய்வு, மேலே தடிப்பு என்றால் கூட்டல் நடக்காது, மேலே இருப்பது ஜெயிக்கும். நிறம், ஃபாண்ட், அளவு எல்லாம் வேறு வேறு கட்டங்கள் என்பதால் சண்டையில்லாமல் கலந்துவிடுகின்றன. அதனால்தான் இப்போதெல்லாம் ஒரு ஸ்டைலில் எது மாற வேண்டுமோ அதை மட்டும் நிரப்பி மற்ற கட்டங்களைக் காலியாக விடுகிறேன். 'எச்சரிக்கை'யில் ஃபாண்ட் பெயரையும் நிரப்பியிருந்தேன் என்றால் அந்தப் பாதியும் போயிருக்கும். எழுத்தைச் செயற்கையாகச் சாய்க்கும் அளவு தனிக் கட்டம்தான், அதை வைத்துச் சமாளிக்கிறவர்களும் உண்டு. எனக்குப் பிடிக்காது, காற்றில் சரிந்த தட்டி மாதிரி இருக்கும்.

கடைசியில் 'எச்சரிக்கை-லத்தீன்' என்று மூன்றாவதாக ஒன்று செய்தேன். 'எச்சரிக்கை'யை அடிப்படையாகக் காட்டி, ஃபாண்டையும் தடித்த சாய்வையும் மட்டும் நிரப்பினேன், நாளைக்குச் சிவப்பு பழுப்பானால் இதுவும் கூடவே மாறும். பிறகு தேடி மாற்றும் பெட்டியில், 'எச்சரிக்கை' ஸ்டைலில் இருக்கும் ஆங்கில எழுத்துகளைத் தேடி இதைப் போடச் சொன்னேன். ஒரே நொடி.

ஆசிரியர் மறுபடி கூப்பிட்டார். ஃபில்லாந்தஸ் நிரூரி எல். என்று எழுதும்போது, கடைசியில் வரும் அந்த எல் பெயர் வைத்த தாவரவியலாளர் லின்னேயஸைக் குறிப்பது, அது சாயக் கூடாதாம். என் கிரெப்புக்கு அவரும் வெறும் ஆங்கில எழுத்துதான். ஒவ்வொரு எல்லாகப் பார்த்து 'நேர்' என்று இன்னொரு ஸ்டைல் போட்டுக்கொண்டு வந்தேன், எச்சரிக்கைக்குள் இருந்தவற்றுக்கு 'எச்சரிக்கை-நேர்'.