ஓட்டில்லாத ஊரில் ஒரு வாக்கெடுப்பு

கருக்கலைப்புத் தடையை நீக்கலாமா என்று அயர்லாந்து மக்களிடம் கேட்கும் பொது வாக்கெடுப்பு வரவிருந்தது. 2018 ஏப்ரலில் டப்ளினில் ஒரு தெருவிளக்குக் கம்பத்தைக்கூட விட்டுவைக்காமல் போஸ்டர் கட்டியிருந்தார்கள். நம்மூர்த் தேர்தல் மாதிரி கைகூப்பிய தலைவர்கள் கிடையாது. 'வேண்டாம்' தரப்பின் போஸ்டரில் கருவிலிருக்கும் சிசுவின் படம் பெரிதாக இருக்கும். இங்கிலாந்தில் ஐந்தில் ஒரு குழந்தை கலைக்கப்படுகிறது என்று எழுதியிருக்கும். நான் அப்போது ஐந்து மாதம். பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் படங்களுக்குக் கீழேதான் நடந்தேன்.

கணவருக்கு ஐடி வேலை. அவரைச் சார்ந்து வந்ததால் எனக்கு ஸ்டாம்ப் 3, அதாவது வேலை பார்க்க இடமில்லாத குடியிருப்பு அனுமதி. பொது வாக்கெடுப்பில் ஐரிஷ் குடிமக்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம். உள்ளாட்சித் தேர்தலில் எங்களைப் போன்றவர்களுக்கும் ஓட்டு உண்டு. அதாவது தெருவிளக்கைப் பற்றி எனக்குக் கருத்து இருக்கலாம், என் வயிற்றைப் பற்றி இருக்கக் கூடாது.

கேள்வி, அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தத்தை நீக்கலாமா என்பது. தாயின் உயிருக்கும் வயிற்றிலிருக்கும் சிசுவின் உயிருக்கும் சம உரிமை என்று சொன்ன திருத்தம் அது. 1983-ல் 66.9 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

ஊரிலிருந்து அம்மா தினமும் போன். "தலைப்பிரசவம் நம்ம வீட்டுலதான், கிளம்பி வந்துடுடி. அந்த ஊர்லதானே அந்தப் பொண்ணு செத்துப்போச்சு?" அயர்லாந்தின் தலைநகர் எது என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியாது. சவிதா ஹலப்பனவரைத் தெரியும். பெல்காமைச் சேர்ந்த பல் டாக்டர், 31 வயது. 2012 அக்டோபரில் 17 வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கிய நிலையில் கால்வே மருத்துவமனையில் சேர்ந்தார். குழந்தை பிழைக்காது என்று தெரிந்தபின், கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். சிசுவின் இதயம் துடிக்கிறது, முடியாது என்றார்கள். "இது கத்தோலிக்க நாடு" என்று ஒரு மிட்வைஃப் சொன்னதும் பிறகு விசாரணையில் வந்தது. ரத்தத்தில் நச்சுத்தொற்று ஏறி 28-ம் தேதி இறந்துபோனார். அடுத்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது. தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அனுமதி. மீறிக் கலைத்தால் 14 ஆண்டு வரை சிறை.

ஐரிஷ் பெண்கள் என்ன செய்தார்கள் என்றால், இங்கிலாந்துக்குப் போனார்கள். ஆண்டுக்கு மூவாயிரம் பேருக்கு மேல். போகலாம் என்று 1992-லேயே அரசியல் சாசனத்தைத் திருத்தியிருந்தார்கள். உள்ளே தடை, வெளியே போனால் கேட்கமாட்டோம். சாமர்த்தியமான ஏற்பாடுதான், ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவளுக்கு அது கிடையாது. டப்ளினில் குடியிருந்தாலும் பிரிட்டன் போக எனக்குத் தனி விசா வேண்டும். விண்ணப்பம், கைரேகை, வாரக்கணக்கில் காத்திருப்பு. அகதி அந்தஸ்து கேட்டு வந்த பெண்களுக்கு அதைவிட மோசம். கப்பலேறிப் போகும் வசதியாவது ஐரிஷ்காரிக்கு இருந்தது. தொலைக்காட்சி விவாதங்களில் இதைச் சொல்வார்கள் என்று பார்த்தேன், பெரும்பாலும் சொல்லவில்லை.

இருந்தாலும் 'ஆம்' என்று எனக்கு உடனே வாய் வரவில்லை. நான் மதுரைப் பக்கத்துக்காரி. கருக்கலைப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது உசிலம்பட்டியும், ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என ஸ்கேன் சென்டர் சுவரில் தொங்கும் பலகையும்தான். இந்தியாவில் 1971-லிருந்தே கலைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் எத்தனை வீடுகளில் அந்த முடிவைக் கர்ப்பிணி எடுத்தாள்? மாமியார் எடுத்தார், புருஷன் எடுத்தான். இங்கே அப்போது சர்க்கார் எடுத்தது. இரண்டு இடத்திலும் அவளை யாரும் கேட்கவில்லை என்று பிடிபட்ட பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது.

பக்கத்து வீட்டுப் பாட்டி 'வேண்டாம்' தரப்பு. கோட்டில் பேட்ஜே குத்தியிருப்பார். என்னை ஸ்கேனுக்குத் தன் காரில் கூட்டிப்போனதும் அவர்தான். சவிதாவைப் பற்றி நான் கேட்டபோது, "அது டாக்டர்கள் செய்த தப்பு, சட்டத்தின் தப்பு இல்லை" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வானிலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். 'ஆம்' என்று கேட்டுக் கதவைத் தட்டிய பிள்ளைகளோ, எனக்கு ஓட்டில்லை என்றதும் நோட்டீஸை மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். வேளாங்கண்ணிக்குத் தவறாமல் நேர்ந்துகொள்ளும் நம்மூர் நர்ஸ் தோழி ஒருத்தி பாட்டி கட்சி. அவளுக்கும் ஓட்டில்லை, எனவே எங்கள் சண்டையால் யாருக்கும் நஷ்டமில்லை.

மே 25 வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஐரிஷ் பிள்ளைகள் விமானத்திலும் கப்பலிலும் வந்து இறங்கினார்கள். நேரில் வந்தால்தான் ஓட்டு, அதுவும் ஊரைவிட்டுப் போய்ப் பதினெட்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும். நம்மூரிலும் வெளிநாடுவாழ் இந்தியர் நேரில் போனால்தான் ஓட்டு என்பதால் அந்தக் கூட்டத்தைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

மறுநாள் முடிவு. ஆம் 66.4 சதவீதம். 1983-ன் கணக்கு ஏறக்குறைய அப்படியே தலைகீழாகியிருந்தது. டொனகல் தொகுதி மட்டும் 'வேண்டாம்' என்றது. டப்ளின் கோட்டை முற்றத்தில் கூட்டம் சவிதாவின் பெயரைச் சொல்லிக் கூவியதை டிவியில் பார்த்தேன். டப்ளினின் போர்ட்டபெல்லோ பகுதியில் ஒரு சுவரில் அவர் முகத்தை வரைந்திருந்தார்கள். அதைச் சுற்றி ஜனங்கள் சின்னச் சின்னச் சீட்டில் மன்னிப்புக் கேட்டு எழுதி ஒட்டினார்கள். ஓட்டுப் போட உரிமையில்லாதவளாக வந்து செத்துப்போன பெண் அவர்.

அம்மாவைச் சமாதானப்படுத்தி இங்கேயே பெற்றுக்கொண்டேன். பிரசவச் செலவு ஒன்றும் ஆகவில்லை.

புதிதாக வரும் பெண்கள் இன்றும் தயங்கித் தயங்கிக் கருக்கலைப்பு பற்றிக் கேட்கிறார்கள். 2019 ஜனவரியிலிருந்து, கர்ப்பம் 12 வாரம் ஆகும்வரை கலைக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சேவை தரும் ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், போகலாம். எல்லா ஜிபியும் தருவதில்லை. இங்கே குடியிருப்பவர்களுக்குக் கட்டணம் கிடையாது. முதல் சந்திப்புக்கும் மாத்திரைக்கும் இடையே மூன்று நாள் காத்திருக்கச் சொல்வார்கள், அதனால் பன்னிரண்டாவது வாரம் வரை தள்ளாதீர்கள். அதைத் தாண்டினால், தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடும் ஆபத்து, அல்லது பிறக்குமுன்போ பிறந்து 28 நாளுக்குள்ளோ சிசு இறந்துவிடும் நிலை என்றால் மட்டுமே அனுமதி. மற்றவர்களுக்கு இன்னமும் இங்கிலாந்துதான் வழி. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் அதற்கு இன்னமும் விசா வேண்டும்.