வெளுத்த பார்

"தண்ணி கொதிக்குது தம்பி. அடியிலே பார் எல்லாம் வெளுத்துக் கிடக்கு."

இன்று காலை பாம்பன் சின்னப்பாலம் கரையில், கடலில் பறித்த கடல்பாசிப் பையை இறக்கிவைத்த ஓர் அக்கா சொன்னது இது. பார் என்று அவர் சொல்வது கடலடிப் பவளப்பாறையை.

பார் கிழிக்காமலிருக்க அவர் பத்து விரல்களிலும் பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக அவிழ்த்தார்; உள்ளே விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன, பழைய கீறல்கள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன.

பவளப்பாறைக்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருவது அதன் திசுக்களில் வாழும் நுண்பாசி. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்து, பட்டினியில் கிடக்கிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் இப்படித்தான் ஏராளமான பவளங்கள் மடிந்தன.

நிலக்கரியும் எண்ணெயும் நாம் எரித்ததால் காற்றிலுள்ள கரியமில வாயு, தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்து இன்று 420ஐக் கடந்துவிட்டது. அது பிடித்துவைக்கும் மிகை வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது.

எல்லாப் பழியையும் வெப்பத்தின்மேல் போட்டுவிடவும் முடியாது. இங்குள்ள 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் மூழ்கியதில், சுண்ணாம்புக்காகப் பல்லாண்டு பாரை வெட்டியெடுத்ததற்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் வெட்டுவதைச் சட்டத்தால் நிறுத்தலாம். கடல்நீரின் சூட்டைப் பாம்பனில் இருந்துகொண்டு எவர் நிறுத்துவது?

கரையோரக் கடல்பாசி குறைந்துவிட்டதால், அதை எடுக்கும் பெண்கள் இப்போது தொலைவுக்குப் படகில் போகிறார்களாம். டீசல் செலவை ஆளுக்கொரு பங்காகப் போடுகிறார்கள்.